தொங்கல் கணக்கில் ஒரு சிரிப்பு

"நீங்களும் வரி எழுதுறீங்க சேர், நாங்களும் வரி எழுதுறம். உங்கட வரிக்கு ஒருத்தரும் காசு தாறதில்ல. எங்கட வரிக்கு ஆர் எண்டாலும் காசு கட்டித்தான் ஆகணும்."

சிற்றிதழ் ஒன்றில் வந்திருந்த என் கவிதையைப் படித்து முடித்த ஓர் இளைஞர் சொன்ன விமர்சனம் இது. என் கவிதைகளுக்கு இதுவரை கிடைத்தவற்றுள் மிகச் சுருக்கமானதும் நேர்மையானதும் இதுதான் என்று நினைக்கிறேன். அவர் இலக்கியக்காரர் அல்லர். கடைக்காரர்களின் சிட்டைகளையும் வங்கிக் கூற்றுகளையும் அடுக்கி, கூட்டி, கழித்து, வருமான வரி விபரத்திரட்டுத் தயாரித்துக் கொடுப்பவர்களுள் ஒருவர். அத்தகைய ஐந்து பேர் இருந்த ஓர் அறையில் நான் ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தங்கியிருந்தேன். அங்கே சிரித்த அளவுக்கு நான் வேறெங்கும் சிரித்ததில்லை. அங்கே சிரித்த ஒரு சிரிப்புக்காக வெட்கப்பட்ட அளவுக்கு வேறெதற்கும் வெட்கப்பட்டதுமில்லை. பிறருடைய இரகசியங்களைக் கையில் வைத்துக்கொண்டு தொழில் செய்பவர்கள், வேலை முடிந்த பிறகு தமக்குள் எதைப்பற்றிச் சிரிக்கலாம் என்ற கேள்வி அன்று எனக்குள் புகுந்தது. அது இன்னும் வெளியே போகவில்லை.

அது 2013 நவம்பர் மாதம். வாப்பாவை மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சேர்த்திருந்தோம். கிழக்குக் கரையிலுள்ள எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் பயணிக்க வேண்டும். நினைத்த நேரம் போய்வர முடியாது. ஒரு கணக்காளர் நிறுவனத்தில் வேலை செய்தபடி பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பி, கொம்பனித்தெருவில் ஒரு மாடி அறையில் நண்பர்களோடு தங்கியிருந்தார். "கட்டில் இல்ல மச்சான், பாய்தான். ஆனா இடம் இரிக்கி" என்றார். யாராவது புதிதாக வந்தால் அந்த அறையில் எல்லாரும் தத்தம் பாயைச் சுவர்ப்பக்கமாக ஒரு சாண் நகர்த்திப் போடுவார்கள். எனக்கும் அப்படித்தான் இடம் கிடைத்தது.

மச்சானைத் தவிர வெலிகமையைச் சேர்ந்த ஒரு தம்பி, கண்டிப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர், குருநாகலைச் சேர்ந்த ஒரு சிங்கள இளைஞர் ஆகியோர் அங்கிருந்தனர். பகலில் வெவ்வேறு கந்தோர்களில் வேலை. இரவில் தம் ஊர்க் கடைக்காரர்களின் கணக்குகளைத் தனிப்பட்ட முறையில் செய்து கொடுப்பார்கள். மச்சானிடம் எங்கள் பகுதி முதலாளிமார் பலரின் கணக்குகள் இருந்தன.

நம் நாட்டில் வருமான வரி 1932இல் வந்தது. வரியாண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி மார்ச் 31இல் முடியும். விபரத்திரட்டை அடுத்துவரும் நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும் என்பது அன்றும் சட்டம், இன்றும் சட்டம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதம் இருக்கிறது. ஆனால் நம் முதலாளிமார் நவம்பர் பிறந்த பிறகுதான் சிட்டைகளைத் தேடத் தொடங்குவார்கள். அவை அரிசிப் பையிலும் சப்பாத்துப் பெட்டியிலும் பிஸ்கட் டின்னிலும் வந்து சேரும். மீன் வெடில் அடிக்கும் சிட்டைகளும் உண்டு. பின்பக்கத்தில் பிள்ளையின் கணக்குப் பாடம் எழுதப்பட்ட சிட்டைகளும் உண்டு. நான் வைத்தியசாலையிலிருந்து 138 பஸ் பிடித்து இரவு எட்டு மணிபோலத் திரும்பி வரும்போது, அறையில் பாய் இருக்காது. தரை முழுவதும் சிட்டைகள் பரந்து கிடக்கும். பதினொரு மணிக்கு அவற்றை வாரிக் கட்டிவிட்டு, பாயை விரித்து, பிளேன்டீயும் ரொட்டியுமாக உட்காருவார்கள். அதன் பிறகுதான் சிரிப்பு.

அவர்களது பகிடிகள் அவர்களது தொழிலிலிருந்தே பிறந்தன. கண்டிக்காரருக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டே போனது. அதற்குப் பெயர் பெறுமானத் தேய்வு: "வருடத்துக்கு இருவது வீதம், நேர்கோட்டு முறை." ஒருவரிடம் ஒருவர் வாங்கிய இருநூறு ரூபா முதல் வாரம் கடன், இரண்டாம் வாரம் ஐயக்கடன், மாதம் முடியும்போது அறவிடமுடியாக் கடன். பரீட்சை மீதியின் இரண்டு பக்கமும் ஒத்துவராதபோது, பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை அந்த வித்தியாசத்தைப் போட்டுவைக்கும் இடத்துக்குத் தொங்கல் கணக்கு என்று பெயர். யாழ்ப்பாணத்து நண்பருக்கு மூன்று வருடமாகக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தொங்கல் கணக்கில் கிடந்தார். 2009 முதல் 2019 வரை நடைமுறையில் இருந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியைப்பற்றி வெலிகமைத் தம்பி சொல்வார்: "தேசத்த எழுப்ப ஒரு வரி இரிக்கி. விடிய எங்கள நித்திரையால எழுப்பத்தான் ஒண்டும் இல்ல."

குருநாகல் இளைஞருக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். பகிடி சொன்னவுடன் நாங்கள் சிரிப்போம். யாராவது சிங்களத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு நிமிடம் கழித்து அவர் தனியாகச் சிரிப்பார். அந்தத் தாமதச் சிரிப்பைக் கேட்டு எல்லாரும் மறுபடி சிரிப்போம். ஒரு பகிடிக்கு இரண்டு சிரிப்பு. அதற்கும் பெயர் வைத்திருந்தார்கள்: இரட்டைப் பதிவு முறை.

பகல் முழுவதும் வாப்பாவின் கட்டிலருகே இருந்துவிட்டு வரும் எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் மருந்து. சிரித்துவிட்டு நித்திரை கொண்டால்தான் மறுநாள் அந்த வார்டுக்குள் முகம் கொடுக்க முடிந்தது. சிரிப்பை அற்பமான காரியமாக நினைப்பவர்கள் அப்படியொரு மாதத்தைக் கழிக்காதவர்கள் என்றே சொல்வேன்.

இந்தத் தொழிலுக்கும் சிரிப்புக்கும் உள்ள உறவு பழையது. ஸ்கொட்லாந்தின் பெருங்கவிஞர் ரொபர்ட் பேர்ண்ஸ் தம் கடைசி வருடங்களில் கலால் வரி உத்தியோகத்தராக வேலை செய்தவர். 1792இல் அவர் ஒரு பாட்டு எழுதினார். சாத்தான் வந்து வரிக்காரனைத் தூக்கிக்கொண்டு போய்விட, ஊரே ஆடிப்பாடிக் கொண்டாடுகிறது என்பது அதன் பொருள். தூக்கிக்கொண்டு போகப்பட்டவன் பாட்டு எழுதியவனின் ஆள்தான், அதாவது அவனேதான். நம் அறையின் பகிடிகளுள் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. தம் தலையை, தம் வறுமையை, தம் நித்திரையை, தமக்குச் சோறு போடும் படிவத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இதில் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் இன்னொரு வகையும் இருந்தது. அது டின்களிலிருந்து வந்தது.

டின்னைத் திறப்பவன் ஒரு குடும்பத்தைத் திறக்கிறான். வியாபாரச் செலவு எது, வீட்டுச் செலவு எது என்று பிரிக்கத் தெரியாத முதலாளி எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுவார். மகளின் கலியாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கதிரைகளின் சிட்டை, வைத்தியரின் துண்டு, அடகு வைத்த சிட்டை, யாரிடமோ பட்ட கடனுக்கு எழுதிய கடிதம். இவற்றைப்பற்றியும் இரவில் பேச்சு வரும். பெயர் சொல்ல மாட்டார்கள். அதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். "ஒரு முதலாளி" என்றுதான் தொடங்குவார்கள். தம் நாயின் தீனியைக் காவல் செலவில் சேர்த்த ஒரு முதலாளி. மூன்று வருடமாக ஒரே தொகையை இலாபமாகக் காட்டி, "ஒரே கடைதானே தம்பி, இலாபம் எப்பிடி மாறும்?" என்று கேட்ட ஒரு முதலாளி. நானும் சிரித்தேன்.

மூன்றாவது வாரம் ஓர் இரவு, வேலை அதிகமானதால் மச்சான் தன்னிடமிருந்த சில டின்களை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தார். பதினொரு மணிக்குப் பிறகு வெலிகமைத் தம்பி தொடங்கினார்: "ஒரு முதலாளி. வயசாளி. தொழுகைத் தழும்பும் இரிக்குமெண்டு நினைக்கிறன். அவர்ட டின்னுக்குள்ள மாசா மாசம் ஒரு துண்டு. 'மூலைவீடு, மூவாயிரத்தி ஐநூறு.' நோன்பு மாசத்தில ரெண்டு மடங்கு. பெருநாளைக்கு உடுப்பு. ஆருக்கு எண்டு ஒண்டும் இல்ல. வெறும் மூலைவீடு!"

கண்டிக்காரர், "வியாபாரத்த விருத்தி செய்யிற செலவா இரிக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். யாழ்ப்பாணத்து நண்பர், "கிளை ஒண்டு திறந்திருக்கிறார். கிளைக் கணக்கு வேற வைக்கவேணும்" என்றார். பாயில் புரண்டு சிரித்தோம். குருநாகல் இளைஞர் ஒரு நிமிடம் கழித்துச் சிரித்தார். மறுபடி சிரித்தோம். அப்போது வெலிகமைத் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னும் கேளுங்க. கடைசித் துண்டு. 'மூலைவீட்டுப் பிள்ளைக்குக் கண்ணாடி, நாலாயிரத்தி இருநூறு.' சின்ன வீட்டுக்குக் கண்ணும் தெரியணுமே!"

என் வாய் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கியது.

என் தங்கையின் வீடு எங்கள் ஒழுங்கையின் மூலையில் இருக்கிறது. அவளது கணவர் மௌத்தாகி அப்போது மூன்று வருடம். அவளுடைய மூத்த பிள்ளைக்குத் தூரத்து எழுத்து தெரியவில்லை என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். சில மாதங்களில் பிள்ளை கண்ணாடியோடு பாடசாலைக்கு வந்தாள். அதே பாடசாலையில்தான் நான் படிப்பிக்கிறேன். "ஏது?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்தில கண் பார்க்க வந்தவங்க சும்மா குடுத்த" என்றாள் தங்கை. நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. வாப்பாவின் வைத்தியச் செலவு, கட்டி முடியாத வீடு, கடன் என்று எனக்குச் சொல்ல ஆயிரம் காரணங்கள் இருந்தன. மாமாவான நான் செய்ய வேண்டியதை எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்டு நான் புரண்டு சிரித்திருக்கிறேன்.

எழுந்து வெளியே போனேன். தேத்தண்ணிக் கடை மூடப்போகும் நேரம். மச்சான் பின்னால் வந்தார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

"உங்களுக்கு முந்தியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"மூணு வருசமாத் தெரியும் மச்சான்."

"அவங்களுக்கு?"

"தெரியா. எந்த ஊர் எண்டும் தெரியா. அந்த டின்ன நான் குடுத்திருக்கக் கூடா. பிழை என்ட."

"ஏன் நிப்பாட்டல்ல?"

"நிப்பாட்டியிருந்தா நீங்க யோசிச்சிருப்பீங்க, மச்சான் ஏன் இதை மட்டும் நிப்பாட்டுறான் எண்டு. அப்பயே விளங்கியிருக்கும்." சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "இந்த டின்களுக்குள்ள கிடக்கிறதப் பாத்தா, சிரிக்காட்டி அழ வரும். அழுதுகொண்டு முப்பதாந் திகதிக்கு முன்ன முடிக்க ஏலா."

அந்தக் கொடுப்பனவைக் கணக்கில் எங்கே காட்டுவாய் என்று கேட்டேன். "எடுப்பனவு" என்றார். உரிமையாளர் தன் சொந்தத் தேவைக்குக் கடையிலிருந்து எடுத்த பணம். வருமானம் ஈட்டுவதற்காகச் செய்த செலவைத்தான் இலாபத்திலிருந்து கழிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்தால் ஒரு சலுகை உண்டு. மூலைவீடு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் அல்லவே. அந்தப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. முதலாளிக்கும் அந்தக் கட்டம் தேவைப்பட்டிருக்காது. தன் கைமறதிக்கு எழுதி வைத்த துண்டு டின்னுக்குள் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதை இத்துடன் நிறுத்தினால் வெலிகமைத் தம்பிக்கு அநியாயம் செய்தவனாவேன். அடுத்த வாரம் வாப்பாவுக்கு இரத்தம் ஏற்ற வேண்டும், இரத்ததானம் செய்ய ஆட்கள் வந்தால் நல்லது என்றார்கள். முதலில் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். நவம்பர் 27. அந்தக் காலத்தில் அரை நாள் என்பது அவர்களுக்கு அரை உயிர். வரிசையில் நின்றபடி, "சேர், இது எடுப்பனவா, நன்கொடையா?" என்று கேட்டார். என் தங்கையைச் சிரிப்புப் பொருளாக்கிய வாயும் என் வாப்பாவுக்காக நீண்ட கையும் ஒரே மனிதருடையவை. அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

அப்படியானால் பிழை எங்கே?

சட்டத்தைக் கேட்டால் பிழையே இல்லை. வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதைப் பெரும் தொழிலாகக் கொண்ட நாடு அமெரிக்கா. அங்கே ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் 15 வரை இந்தத் தொழில்காரர்கள் நித்திரை கொள்வதில்லை. வாடிக்கையாளர் தந்த தகவலை அனுமதியின்றி வெளியிடும் படிவத் தயாரிப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் ஆயிரம் டொலர் வரை தண்டமும் விதிக்கலாம் என்று 1971இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. நம் நாட்டிலும் இறைவரி உத்தியோகத்தர்கள் இரகசியம் பேணும்படி சட்டத்தால் கட்டப்பட்டிருக்கிறார்கள். இந்தச் சட்டங்கள் எல்லாம் கேட்பது, தகவல் வெளியே போனதா என்பதைத்தான். எங்கள் அறையிலிருந்து எந்தப் பெயரும் வெளியே போகவில்லை. அறைக்குள்ளும் பெயர் சொல்லப்படவில்லை.

பெயர் சொல்லாவிட்டால் போதும் என்று நாமும் நம்புகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெயரற்ற கதை, சம்பந்தமில்லாத நூறு பேருக்கு வெறும் கதைதான். சம்பந்தப்பட்ட ஒருவனுக்கு மட்டும் அது பெயரோடு கேட்கும். மறைக்கப்பட வேண்டியது எவனிடமிருந்தோ அவனுக்கு மட்டும் மறையாமல் போய்விடுகிறது. முதலாளி தன் தர்மத்தை மறைக்க விரும்பியது கொம்பனித்தெருவிடமிருந்து அல்ல. என்னிடமிருந்துதான், எங்கள் ஒழுங்கையிடமிருந்துதான்.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பேர்க்சன் சிரிப்பைப்பற்றி 1900இல் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் சொல்லும் இரண்டு கருத்துக்கள் எனக்கு அந்த அறையை விளக்கின. ஒன்று, சிரிப்பதற்கு இதயம் சற்று நேரம் மரத்துப்போக வேண்டும். மற்றது, சிரிப்பு எப்போதும் ஒரு கூட்டத்துக்கு உரியது. உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள், வெளியே இருப்பவனுக்கு அதில் ஒன்றுமிருக்காது. நான் அந்த இரவு உள்ளே இருந்து வெளியே தள்ளப்பட்டேன். கண்ணாடி என்ற ஒரு சொல்லில் என் இதயத்தின் மரப்பு விட்டுப்போனது. என்னைத் தள்ளியவர் எவரும் இல்லை. ஆகவே கோபப்படவும் ஆளில்லை.

இதைக் கணக்குக்காரர்களின் குறையாக எழுதித் தள்ளிவிட்டுப் போக என்னால் முடியாது. ஆசிரியர் அறையில் இருபது வருடம் இருந்தவன் நான். நம்மிடமும் டின்கள் வருகின்றன. அவற்றுக்கு அப்பியாசக் கொப்பி என்று பெயர். ஐந்தாம் வகுப்பில் 'எங்கள் வீடு' என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, அதில் நாங்கள் உடுப்புகளை அடுக்கி வைப்போம். இடைவேளையில் அதை வாசித்துக் காட்டினேன். அதிபர் தேநீரைச் சிந்தும் வரை சிரித்தார். பெயர் சொல்லவில்லை. நானும் கண்டிப்பானவன்தானே! கலியாண வீடுகளில் அதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தேன்.

கொழும்பிலிருந்து திரும்பிய பிறகு அந்தக் கதை என் வாயில் வரவில்லை. ஒருநாள் வேறு காரணத்துக்காக அந்த வீட்டுக்குப் போனேன். 2011 ஜனவரி வெள்ளம் புகுந்த வீடு. உறவினர் யாரோ கொடுத்த பழுதான பெட்டி ஒரு மூலையில் நின்றது. "எலியும் போகாது, ஈரமும் போகாது சேர்" என்று தாய் திறந்து காட்டினார். உள்ளே பாடசாலைச் சீருடைகள் மடித்தபடி இருந்தன. நான் சிரித்தேன். தாயும் சிரித்தார். இவ்வளவு நல்ல அலுமாரி எங்கள் வீட்டிலும் இல்லை என்றேன். உண்மையும் அதுதான். அதே பெட்டி, அதே உடுப்பு. ஆசிரியர் அறையில் சிரித்ததும் இங்கே சிரித்ததும் ஒன்றல்ல என்பது அந்த இடத்தில் எனக்கு நன்றாக விளங்கியது.

ஆகவே, வேலைக்குப் பிந்திய சிரிப்பைத் தடைசெய்யச் சொல்வதற்கு நான் வரவில்லை. தடைசெய்தால் அந்த வேலையைச் செய்ய மனிதர்கள் மிஞ்ச மாட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இரத்தம் கொடுக்க வந்த அந்த நட்பும் வந்திருக்காது. வைத்தியசாலைத் தாதியர், வழக்கறிஞரின் எழுதுநர், தபாற்காரர், ஆசிரியர், வரிக்காரர் ஆகிய எல்லாருக்கும் பிறர் பாரத்தை இறக்கி வைக்க ஒரு திண்ணை வேண்டும். மச்சான் சொன்னது சரி. அழுதுகொண்டு கணக்கு முடிக்க இயலாது.

ஆனால் ஒரு மனிதன் டின்னை நம் கையில் தரும்போது தகவலை மட்டும் தருவதில்லை. தன் குழப்பத்தை, தன் அறியாமையை, தன் மடிப்புக் குலைந்த வாழ்க்கையைத் தருகிறான். வேறு வழியில்லாமல் தருகிறான். அமானிதம் என்று நாம் சொல்வது இதை. அமானிதத்தைத் திருடினால்தான் குற்றம் என்று நினைப்பது போதாது. அடைமானமாக வந்த சேலையை உடுத்திப் பார்த்துவிட்டு மடித்து வைப்பதும் ஒரு துரோகம்தான், சேலை பத்திரமாகத் திரும்பிப் போனாலும். புறம் பேசுவதைப்பற்றி மத்ரஸாவில் நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்தார்கள். வள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். அவையெல்லாம் பகைமையோடு பேசும் பேச்சைப்பற்றியவை என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பகையில்லாமல், களைப்பினால், நட்பினால் பேசும் புறமும் உண்டு என்பதை அந்த அறையில்தான் கற்றேன். அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஏனெனில் அதைப் பேசும்போது நம் மனது சுத்தமாக இருக்கிறது.

எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டிருக்கிறேன். கதையில் வரும் ஆள் இப்போது படியேறி வந்து கதவில் நின்றால், நம் பாயைச் சுவர்ப்பக்கம் ஒரு சாண் நகர்த்தி அவரை உட்காரவைத்து, அதே பகிடியைத் தொடர முடியுமா? ஒரே இலாபம் காட்டிய முதலாளி வந்திருந்தால் முடியும். அவரும் சிரித்துவிட்டு இன்னொரு கதை சொல்லியிருப்பார். பேர்ண்ஸின் பாட்டிலும் முடியும், அவரே பாயில் இருக்கிறார். மூலைவீட்டு முதலாளி வந்திருந்தால் நாங்கள் எழுந்து நின்றிருப்போம். வாய் மூடியிருக்கும். கதை தெரிந்தபின் மட்டும் அல்ல, தெரியாத நிலையிலும் மூடியிருக்கும். இந்த அளவுகோலிலும் ஓட்டை இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். சில பேர் வெட்கத்தை மறைக்கச் சிரிப்பார்கள். அப்படிச் சிரிப்பவர்களைப் பார்த்து இடம் கொடுத்துவிட்டோம் என்று நாம் எண்ணிவிடக்கூடும்.

வாப்பா 2014இல் மௌத்தானார். முதலாளி 2018இல். என் அன்றைய சிரிப்பை எந்தப் பக்கத்தில் பதிவது என்று தெரியாமல் இத்தனை வருடம் தொங்கல் கணக்கில்தான் வைத்திருந்தேன். மூலைவீட்டுக்கு நான் மாதாமாதம் கொடுக்கத் தொடங்கியதை அதற்கு எதிர்ப்பதிவு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இதை எழுதினால் நானும் டின்னைத் திறப்பவன்தானே என்ற தயக்கம் இருந்தது. எழுதி முடித்ததும் தங்கையிடம் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எனக்கு விஷயம் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சின்ன வீடு என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அவருக்கா? ரெண்டாவது குடும்பமா? காக்கா, அவரு அவர்ட பொஞ்சாதிக்குப் பயந்து காசக் கடிதக் கூட்டுல போட்டு, அதச் சீனிப் பைக்குள்ள வெச்சித்தான் அனுப்புவாரு. ஒரு தரம் அவசரத்தில காசு இரிக்கிற பைய வேற ஆளுக்குக் குடுத்துப்போட்டு, அந்த ஆளுக்குப் பின்னால ஓடின ஓட்டம்..."

கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணாடி போட்ட பிள்ளை, இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியதும் தங்கை கேட்டாள்: "ஆனா அவர்ட பிள்ளையள் இதப் படிச்சா?"

அதற்காகத்தான் தொகைகளையும் வருடங்கள் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன், ஊர்ப் பெயர் எழுதவில்லை, கடை எது என்று சொல்லவில்லை என்றேன். இன்னும் எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் மாத்துங்க. கண்ணாடிய மட்டும் மாத்தாதீங்க காக்கா. அது கிடக்கட்டும்" என்றாள்.